மீதி எல்லாம் தலைவருடையது

எல்லாருக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? மழை பிடித்து நிற்கிற நேரம் இது. முட்டுவலிக்காரர்கள் தைலத்தைத் தேய்த்துவிட்டுக் காலை நீட்டி உட்காருங்கள். சர்க்கரைக்காரர்கள் சீனி போடாமல் காப்பி குடியுங்கள். போட்டுக் குடித்தாலும் இங்கிருந்து எனக்குத் தெரியப்போவதில்லை. பிள்ளைகள் நேரத்துக்கு வீடு திரும்புகிறார்களா? அப்படியானால் சரி, நெல்லிவிளைக் கிருஷ்ணன்குட்டியின் கதையைச் சொல்லிவிடலாம். போன வருஷம் நடந்தது.

அமரவிளையிலிருந்து பாறசாலைக்கு வரும்போது பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் நெல்லிவிளை. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அங்கே பஸ் நிற்கும், ஆனால் நிற்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஜங்ஷனில் ஒரு சிமெண்ட் சிலை. தலைவர் பூதலிங்கம் பிள்ளையின் சிலை.

தலைவர் சாதாரண ஆள் இல்லை. சர்க்கார் குமாஸ்தா வேலையை எறிந்துவிட்டு, கோவிலைச் சுற்றிப் போகிற வழியில் எல்லா சாதிக்காரர்களும் நடக்கலாம் என்று சொல்லி அடி வாங்கினவர். ஜெயிலுக்குப் போனவர். ஜெயிலுக்குப் போகாத வருஷங்களில் தலைமறைவாக இருந்தவர். எங்கெங்கே ஒளிந்திருந்தார் என்பது ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் அது ஒளிதல் ஆகாது. கடைசியில் அந்த வழியைத் திறந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்த வழியின் நட்டநடுவில்தான் சிலை. சிலைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று, அவர் பேரில் ஊரார் அமைத்த நினைவுச் சமிதி சுற்றி இரும்புவேலி போட்டுப் பூட்டி வைத்திருந்தது. அதனால் இப்போது அந்த வழியில் யாரும் நடக்க முடியாது. எல்லா சாதிக்காரர்களும் சமமாகச் சுற்றிப் போகிறார்கள்.

வேலியை ஒட்டினாற்போல் கிருஷ்ணன்குட்டியின் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவான், வாடகைக்குச் சைக்கிள் விடுவான். ஐம்பது வயது. முன்தலை வழுக்கை, கட்டை மீசை, கண்ணுக்கடியில் சதை, நடுவில் ஒரு மேடு ஏறி இறங்குகிற மூக்கு. கள்ளெடுக்கிற பொன்னையனுக்கும் விலாசினிக்கும் ஒரே பிள்ளை. பொன்னையன் பனையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. விலாசினி எழுபதைத் தாண்டியும் தினம் மரச்சீனிக் கிழங்குக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவள்.

சிலை வைத்தது எழுபத்தொன்றில். அப்போது தலைவரின் புகைப்படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய மனைவி உமையம்மாளிடம் இருந்தது. சமிதியின் இணைச் செயலாளராக இருந்த ஜெயச்சந்திரன் என்கிற இளம் வாத்தியார், "ரெண்டே நாள்ல திருப்பித் தருவேன்" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குச் சிற்பியைப் பார்க்கப் போனார். போகிற வழியில் படத்தையும் குடையையும் பஸ்ஸில் விட்டுவிட்டார். குடை திரும்பக் கிடைத்தது.

படம் இல்லாமல் முகம் செய்ய முடியாது என்றார் சிற்பி. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. சிற்பியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்த ஜெயச்சந்திரன் வாத்தியார் ஜங்ஷனில் சுற்றுமுற்றும் பார்த்தார். சாயாக்கடை பெஞ்சில் வேலையில்லாமல் இருபத்தைந்து வயது கிருஷ்ணன்குட்டி உட்கார்ந்திருந்தான். "ஒரு மூஞ்சி வேணும், அவ்வளவுதானே" என்றார் வாத்தியார். சிற்பி அவனை எதிரில் உட்காரவைத்து, வாத்தியார் வாங்கித் தந்த சாயாவையும் பழம்பொரியையும் கையில் கொடுத்து, மூஞ்சியை எடுத்துக்கொண்டார். தலைவர் வயசானவர் ஆயிற்றே என்று முன்தலையை வழுக்கையாக்கி, மீசையைக் கனமாக்கி, கண்ணுக்கடியில் கொஞ்சம் சதை சேர்த்தார். சிற்பி அன்று செய்ததைக் கடவுள் பின்னால் நிதானமாக, கூலி வாங்காமல், கிருஷ்ணன்குட்டிக்கும் செய்து முடித்தார்.

இத்தனை வருஷம் இது யார் கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் வருஷாவருஷம் சிலைக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார்கள். வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் எல்லா மூஞ்சியும் ஒன்றுதான். தொண்ணூற்றாறில் தலைவருக்கு நூற்றாண்டு வந்தது. மந்திரி வருகிறார் என்று சொல்லி வெள்ளியைச் சுரண்டிவிட்டு, தோலுக்குத் தோல் நிறம், மீசைக்குக் கறுப்பு, வேட்டிக்கு வெள்ளை என்று அடித்தார்கள். மறுநாள் காலையில் முதல் பஸ் நின்றது. கண்டக்டர் சிலையைப் பார்த்தான். கீழே டியூபைத் தண்ணீரில் முக்கிக் காற்றுக்குமிழி பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணன்குட்டியைப் பார்த்தான். விசில் அடிக்க மறந்துபோனான்.

மத்தியானத்துக்குள் சந்தையில் மீன்காரி ஒருத்தி விலாசினியிடம் சொன்னாள்: "அக்கா, நீங்க வாய் மிண்டாம இருந்தே பெரிய ஆளாயிட்டியளே. தலைவரு ஒளிஞ்சிருந்தது உங்க வீட்டிலயாக்குமா?"

விலாசினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதெல்லாம் சந்தைப் பேச்சு, நாலு நாளில் ஓய்ந்துபோயிருக்கும். ஆனால் சமிதி என்று ஒன்று இருக்கிறதே. பழைய இணைச் செயலாளர் ஜெயச்சந்திரன் இப்போது ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், சமிதியின் தலைவர். செயலாளர் சுவாமிதாஸ் இன்ஷுரன்ஸ் ஏஜெண்ட். இருவரும் அவசரக் கூட்டம் போட்டு, வதந்தியை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று தீர்மானித்து, ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினார்கள். சுவாமிதாஸே மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. நமது தலைவருக்கும் நெல்லிவிளை வடக்கே விளையில் வசிக்கும் பொன்னையன் மனைவி விலாசினிக்கும் தொடர்பு இருந்ததாக யாரும் சொல்லாத ஒரு வதந்தி நிலவுகிறது. அதை யாரும் நம்ப வேண்டாம். அந்த வதந்தியின் முழு விவரமும் அறிய விரும்புவோர் சமிதி அலுவலகத்தை அணுகவும்."

இதைத் தமிழில் ஒரு சுற்று, மலையாளத்தில் ஒரு சுற்று. திருப்புறம், காரக்கோணம் வரைக்கும் ஆட்டோ போய் வந்தது. அதுவரை நெல்லிவிளை ஜங்ஷனில் மட்டும் இருந்த பேச்சு அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பாஷையிலும் பிழையில்லாமல் பரவிவிட்டது.

விலாசினி சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். கோவில் குளத்துக்குக் குளிக்கப் போவதையும் நிறுத்தினாள். பாதிப்பேர் அவளைக் கண்டு வாயைப் பொத்தினார்கள். அது பரவாயில்லை. மீதிப்பேர் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட வந்துவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எலே மக்கா," என்றாள் மகனிடம், "எனக்க பேர அந்த ஆட்டோவில வச்சுச் சொன்னானுவ. அதே ஆட்டோவில வச்சுத் திருப்பித் தரணும். அதுவரைக்கும் எனக்கு சந்தையும் இல்ல, கொளமும் இல்ல."

"சொல்லுதேன் அம்மா. உள்ளதச் சொன்னா தீந்துபோற காரியமில்லியா. அந்த மூஞ்சி எனக்கதாக்கும்னு ஜெயச்சந்திரன் சாருக்குத் தெரியும்."

அவன் அப்படித்தான் நம்பினான். சாருக்குத் தெரிந்ததுதானே, யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று.

யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். கமிஷன் என்றால் சிவபிரசாத். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். நீதிபதிகள் பேசினதை எழுதி எழுதியே அவருக்குக் குரல் மாறிவிட்டிருந்தது. சிலைக்கு எதிரே இருந்த சமிதியின் வாசகசாலையில் மேஜை போட்டு, கிருஷ்ணன்குட்டியை வரவழைத்து, பக்கவாட்டில் உட்காரச் சொன்னார்கள்.

"நேராட்டு இருந்தா என்ன சாரே?"

"சிலைக்க பக்கவாட்டாக்கும் ரோட்டுல இருந்து தெரியுது. குற்றச்சாட்டும் பக்கவாட்டுலதான் வந்திருக்கு," என்றார் சிவபிரசாத். தையல்காரரின் டேப்பை எடுத்து மூக்கின் நீளம், மேடு, துவாரம் எல்லாம் அளந்தார். சுவாமிதாஸ் வேலிப் பூட்டைத் திறந்து, ஏணி வைத்து ஏறி, சிலையின் மூக்கை அளந்து ஜன்னல் வழியாகக் கூவினார். இரண்டும் ஒன்று.

"இந்த மூக்கு உனக்கு எங்கயிருந்து கிடைச்சுது?"

"எனக்க அப்பனுக்க மூக்காக்கும் சாரே."

"எந்த அப்பன்?"

கிருஷ்ணன்குட்டி எழுந்துவிட்டான். ஜெயச்சந்திரன் சார் கையை அமர்த்தி உட்காரச் சொன்னார்.

"சாரே, நீங்க சொல்லுங்க. அந்த சிற்பி என்னய இருத்தி வச்சுத்தானே..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போரும்," என்றார் சிவபிரசாத். "சிற்பி அஜெண்டாவில இல்ல."

ஜெயச்சந்திரன் சார் ஜன்னலுக்கு வெளியே மழை வருமா என்று பார்த்தார்.

பொன்னையனின் மூக்கை நிரூபிக்கப் படம் உண்டா என்று கேட்டார்கள். கள்ளெடுக்கிறவனை யார் படம் எடுத்தார்கள்? படம் இல்லாத மூக்கைக் கமிஷன் ஏற்காது என்று சொல்லி, அதுவரை சிலைக்கும் மக்களுக்கும் குழப்பம் வராமலிருக்க மீசையை எடுத்துவிடும்படி கிருஷ்ணன்குட்டிக்கு உத்தரவு போட்டார்கள். எடுத்தான். அடுத்த அமர்வில் அவனைப் பார்த்ததும் சிவபிரசாத் அதிர்ந்துபோனார்.

"இது தடயத்தை அழிச்ச குற்றமாக்கும்."

"நீங்கதானே சாரே எடுக்கச் சொன்னது?"

"சொன்னது சமிதி. கேக்குது கமிஷன். ரெண்டும் வேற வேற."

மீசை திரும்ப வளரும்வரை அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை பஸ் வரும்போதெல்லாம் தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும் என்று இடைக்கால ஆணை. ஒரு கையில் பம்பு, ஒரு கையில் துண்டு என்று கிருஷ்ணன்குட்டி தொழில் செய்தான். அவன் துண்டு போட்டுக்கொள்வதைப் பார்க்கவே பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு ஆட்கள் அடித்துக்கொண்டார்கள்.

மீசை வளர்ந்த நேரத்தில் சமிதி இரண்டாகப் பிரிந்திருந்தது. தலைவர் அப்படிச் செய்யவே மாட்டார் என்று ஒரு கட்சி. செய்திருந்தால்தான் என்ன என்று சுவாமிதாஸ் கட்சி.

சுவாமிதாஸ் பேசினார்: "மகான்மாருக்கு ஒரு மனைவி எப்படிப் போரும்? நாட்டுக்காக வீட்ட மறந்தவரு. மறந்தவருக்கு எது நம்ம வீடு, எது அடுத்த வீடுன்னு எப்படித் தெரியும்? இத நான் பாராட்டியே பேசுதேன். என்னையக் கேட்டா நூற்றாண்டு மலருல இதுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்கணும்."

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அழுதுவிட்டார். அழுதவரைத் தேற்றிவிட்டு சிவபிரசாத் தீர்ப்பு மாதிரி ஒரு வழி சொன்னார். சாதனை ஒரு பக்கம், குற்றச்சாட்டு ஒரு பக்கம். எது கனம் என்று பார்க்காமல் வாயால் அடித்துக்கொள்வது நியாயம் இல்லை. நெல்லிவிளைக் கோவிலில் துலாபாரத் தட்டு இருக்கிறது. பிள்ளைக்கு நோய் தீர்ந்தால் எடைக்கு எடை பழம் வைக்கிறோம், சர்க்கரை வைக்கிறோம். தெய்வத்தின் முன்னால் அந்தத் தராசு பொய் சொல்லாது.

எல்லாரும் கைதட்டினார்கள். வெகுநாளைக்குப் பிறகு சமிதியில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அதுதான்.

துலாபாரத்தன்று கோவில் முற்றத்தில் கூட்டம். பூசை செய்கிற போற்றி வழக்கப்படி கேட்டார்: "ஆருக்க பேருல? நட்சத்திரம் என்ன?"

"குற்றச்சாட்டுக்க பேருல," என்றார் சிவபிரசாத். "நட்சத்திரம் தெரியாது."

"நட்சத்திரம் இல்லாம நடக்காது கேட்டியளா."

சமிதி கூடிப் பேசி, வதந்தி கிளம்பிய நாளின் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. பூரட்டாதி. போற்றி பூவை எறிந்தார்.

ஒரு தட்டில் கிருஷ்ணன்குட்டியைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். குற்றச்சாட்டுக்கு உருவம் அவன்தானே. மற்றத் தட்டில் தலைவரின் சாதனைகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஜெயிலில் சாப்பிட்ட அலுமினியத் தட்டு. கதர்த் துண்டு. தடியடிபட்ட பிறகு ஊன்றி நடந்த கம்பு. வழிநடைப் போராட்டத்தில் மிஞ்சிய ஒற்றைச் செருப்பு. தட்டு அசையவில்லை. கிருஷ்ணன்குட்டி தரையிலேயே இருந்தான். கூட்டத்தில் முணுமுணுப்பு.

"மலரு எங்க?" என்றார் ஜெயச்சந்திரன் சார்.

வருஷாவருஷம் சமிதி அச்சடித்த விழா மலர்கள் கட்டுக்கட்டாக வந்தன. முதல் பக்கத்தில் சமிதித் தலைவர், இரண்டாம் பக்கத்தில் செயலாளர், மூன்றாம் பக்கத்திலிருந்து நகைக்கடை விளம்பரம். யாரும் வாங்காததால் எல்லாம் புதிதாகவே இருந்தன. கட்டுக் கட்டாக ஏற்ற ஏற்ற கிருஷ்ணன்குட்டி மெல்ல மேலே எழும்பினான். தலைவர் வாழ்ந்த வாழ்க்கை ஒரு கோழி கனம்கூட வரவில்லை. அவரைப் பற்றிச் சமிதி போட்ட புத்தகம் ஓர் ஆள் கனம் வந்தது. தட்டுகள் நேராக நின்றபோது ஜெயச்சந்திரன் சாரின் கண் கலங்கிவிட்டது. "சமிதிக்க சேவை இப்பவாக்கும் வெளிய தெரியுது," என்றார்.

அந்த நேரத்தில் ஒரு காரில் உமையம்மாளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தலைவரின் மனைவி, எண்பத்தைந்து தாண்டியவள். ஒவ்வொரு விழாவுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பொன்னாடை போர்த்துவார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள்: "மக்கா, அந்த படம் எங்க?" பதிலுக்கு இன்னொரு பொன்னாடை போர்த்துவார்கள். சிலை வைத்தபோதே அவளுக்குப் பார்வை மங்கிப்போயிருந்தது. அந்த மாசம்தான் கண்ணில் புரை உரித்து, தடிமனான கண்ணாடி போட்டிருந்தாள். வருகிற வழியில் ஜங்ஷனில் சிலையை முதல்முதலாகப் பார்த்திருக்கிறாள். இப்போது தட்டில் தொங்கிக்கொண்டிருந்தவனையும் பார்த்தாள்.

"எலே, ஜங்ஷன்ல நிக்கது இந்தப் பயலுக்க சிலையில்லியா? இவன் ஆரு? எனக்க வீட்டுக்காரருக்க சிலை எங்க?"

சிவபிரசாத் எழுதிக்கொண்டார். "மனைவியே அடையாளம் காட்டிவிட்டார்" என்று உரக்கப் படித்தார்.

"அவிய சரியாத்தான் சொல்லுதாவ," என்று தட்டிலிருந்து கிருஷ்ணன்குட்டி சத்தம் போட்டான். "அது எனக்க மூஞ்சியாக்கும். படம் தொலைஞ்சுபோச்சுன்னு என்னய இருத்தி வச்சுச் செய்தது. ஜெயச்சந்திரன் சாரு கூட நின்னாரு. பழம்பொரி வாங்கித் தந்ததே அவருதான்."

எல்லாரும் ஜெயச்சந்திரன் சாரைப் பார்த்தார்கள். அவர் போற்றியைப் பார்த்தார்.

"துலாபாரம் முடியாம தட்டுல இருந்து பேசினா பலன் இல்லன்னு உண்டில்லியா, போற்றி?"

அப்படி ஒன்றும் இல்லை என்று போற்றி சொல்வதற்குள் நாதஸ்வரக்காரரை ஊதச் சொல்லிவிட்டார்கள்.

அவனைத் தட்டிலிருந்து இறக்கிக் கோவில் மதிலோரம் கூட்டிக்கொண்டு போனார் ஜெயச்சந்திரன் சார். தோளில் கைபோட்டு, வகுப்பில் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"நீ சொல்லுதது பொய்யின்னு நான் சொல்லல, கிருஷ்ணங்குட்டி. ஆனா கொஞ்சம் ஆலோசிச்சுப் பாரு. தலைவரு தப்பு செய்தாருன்னு வச்சா ஊரு பொறுக்கும். அவரு செத்துப்போனவரு, கஷ்டம் இல்ல. சமிதி தப்பு செய்ததுன்னு வச்சா ஆரு பொறுப்பா? இருபத்தஞ்சு வருஷமா மந்திரிமாரு வந்து போட்ட மாலையெல்லாம் உனக்குப் போட்டதுன்னு ஆவாதா? உனக்கு அதுக்குத் தகுதி உண்டா?"

"இல்ல சாரே."

"பின்ன?"

"எனக்க அம்மைக்க காரியம்?"

"உனக்க அம்மைய ஆரும் குறைச்சுப் பேசல மக்கா. தலைவரோட சேத்துத்தானே பேசுதோம்."

இதே நேரத்தில் முற்றத்தின் ஓரத்தில், செம்பருத்திச் செடியருகே நின்றிருந்த விலாசினியை உமையம்மாள் கைகாட்டிக் கூப்பிட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"நீதானா விலாசினி?"

"ஆமா அம்மா. நான் ஒரு தப்பும்..."

"மிண்டாத. நான் ஒண்ணு கேக்குதேன். சமரம், ஜெயிலு, ஒளிவு, பின்னயும் சமரம். எனக்கிட்டயே வர நேரம் கிடைக்காத மனுசன் உனக்கிட்ட எப்ப வந்தாரு? வந்திருந்தா சொல்லு பிள்ளே, நான் சண்டைக்கு வரமாட்டேன். அவருக்கு எங்கயாவது ஒரு நேரம் நல்லாட்டு இருந்துச்சுன்னு நினைச்சுக்கிடுவேன்."

"நான் அந்த ஆளக் கண்டதே இல்ல அம்மா."

உமையம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நானும் ஒழுங்காக் கண்டதில்ல," என்றாள். "அதுக்காக்கும் அந்த படத்தக் கேட்டுக்கிட்டு நடக்குதேன்."

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது விசாரணை எல்லைக்குள் வராது என்பதால் கமிஷன் அதை எழுதவில்லை.

ஒரு வாரத்தில் கமிஷன் அறிக்கை கொடுத்தது. தலைவர் தவறு செய்யவில்லை. சமிதியும் தவறு செய்யவில்லை. தவறு செய்தது சாயல். ஆகவே சிலைக்கும் சைக்கிள் கடைக்காரனுக்கும் இடையே சாயல் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று சமிதி தீர்மானிக்கிறது. தீர்மானம் உண்மையாக வேண்டுமானால் மூக்கையும் முகத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மந்திரி வருவதற்குள் மாற்ற வேண்டும். விலாசினியின் பேரைத் திருப்பித் தருவது பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. நடக்காத ஒன்றுக்கு எப்படி வருத்தம் தெரிவிப்பது என்று சிவபிரசாத் கேட்டார்.

பழைய சிற்பி உயிரோடு இல்லை. கொத்தனார் கனகதாஸைக் கூப்பிட்டார்கள். கிணற்றுக்கு உறை கட்டுவதில் கைதேர்ந்தவர். சிலையைச் சுற்றி ஓலைமறை கட்டிக்கொண்டு, பழைய மூக்கைத் தட்டி எடுத்துவிட்டு, கனகதாஸ் வெளியே தலைநீட்டினார்.

"சாரே, புது மூக்கு ஆரப் பாத்து வைக்கது? படம் உண்டா?"

படம் இல்லை. விழாவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. சமிதிக்காரர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயச்சந்திரன் சார் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு தற்காலிக ஏற்பாடா," என்றார், "கொஞ்சம் அந்தஸ்தான மூக்காட்டு இருந்தா போரும். நான் வேணும்னா கொஞ்சநேரம் இருக்குதேன்."

ஓலைமறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயாவும் பழம்பொரியும் வந்தன. கனகதாஸ் கெட்டிக்காரர். மூக்கோடு நிறுத்தவில்லை, மூக்குக்குப் பொருத்தமாகக் கன்னத்தையும், கன்னத்துக்குப் பொருத்தமாக மோவாயையும் பூசி, சாருக்கு இல்லாத மீசையை எடுத்துவிட்டார்.

விழாவன்று மந்திரி வரவில்லை, வேறு ஊரில் வேறு சிலை இருந்தது. ஓலையை மட்டும் பிரித்தார்கள். கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. அதே கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"ஹெட்மாஸ்டர் சாரு ஜங்ஷன் வந்தாச்சு. இறங்குதவங்க இறங்கு."

பஸ் போன பிறகு கூட்டத்தில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்: "தலைவரு ஒளிஞ்சிருந்தது இவரு வீட்டுப் பக்கமும் உண்டில்லியா? சாரு பிறந்தது எந்த வருஷம்?"

ஜெயச்சந்திரன் சாரின் அம்மா உயிரோடுதான் இருந்தாள். கண்ணும் காதும் பழுதில்லாமல், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை முறுக்கானிடித்துக்கொண்டு. சாயங்காலத்துக்குள் நாலு பேர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. மகனுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஜெயச்சந்திரன் சார் சைக்கிள் கடைக்கு வந்தார். சைக்கிள் இல்லாமல் வந்தார். கிருஷ்ணன்குட்டியின் வீட்டு முற்றம் கடைக்குப் பின்புறம்தான். விலாசினி அங்கே மரச்சீனி நறுக்கிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிருஷ்ணங்குட்டி, அன்னைக்கு நீ தட்டுல இருந்து ஒண்ணு சொன்னியே. படம் இல்லாம ஆளப் பாத்துச் செய்த சிலைன்னு. அத நீ நாலுபேருகிட்ட ஒண்ணு எடுத்துச் சொல்லணும். நான் சொன்னா ஆரும் நம்பமாட்டாவ."

கிருஷ்ணன்குட்டி டியூபைத் தண்ணீரில் அழுத்தி ஓட்டை தேடிக்கொண்டே சொன்னான்: "அது அஜெண்டாவில இல்லியே சாரே."

"எனக்க அம்மைக்க காரியமாக்கும் இது."

"உங்க அம்மைய ஆரும் குறைச்சுப் பேசல. தலைவரோட சேத்துத்தானே பேசுதாவ."

ஜெயச்சந்திரன் சார் அப்படியே ஒரு காற்றில்லாத டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்துக் கிருஷ்ணன்குட்டி இன்னும் நாலு சொல்லியிருப்பான். அதற்குள் பின்னால் விலாசினியின் குரல் வந்தது.

"எலே, போரும். உள்ளதச் சொல்லிக்குடு."

"அம்மா, இவரு நமக்கு..."

"இவனுக்காகவா சொல்லச் சொன்னேன்? அங்க ஒரு கிழவி ஒண்ணும் அறியாம காலக் காட்டிக்கிட்டு இருக்கா. நான் பட்டது போரும். அவ படவேண்டாம்." பிறகு கத்தியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "ஆனா சாரே, நடந்து போய்ச் சொல்லுத காரியமில்ல இது. ஆட்டோவில மைக்செட்டு கெட்டணும். முதல்ல எனக்க பேரு. பின்ன உங்க அம்மைக்க பேரு. நீங்களே மைக்கப் பிடிக்கணும்."

அன்று மத்தியானம் ஆட்டோ கிளம்பியது. திருப்புறம், காரக்கோணம் வரை, இரண்டு பாஷையிலும். கிருஷ்ணன்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து வந்தான், மூஞ்சியைக் காட்டுவதற்காக. ஜெயச்சந்திரன் சார் மைக்கைப் பிடித்தார். இருந்தாலும் அவர் சமிதித் தலைவர்தானே, வாசகத்தைக் கூட்டம் போட்டு எழுதித்தான் கொண்டுவந்திருந்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. விலாசினி அம்மாள் குற்றமற்றவர். எனது தாயாரும் குற்றமற்றவர். தலைவரும் குற்றமற்றவர். சிலையில் எழுபத்தொன்றில் வைத்த முகம் சைக்கிள் கடை கிருஷ்ணன்குட்டியுடையது. தொண்ணூற்றாறில் வைத்த மூக்கு என்னுடையது. மீதி எல்லாம் தலைவருடையது."

மறுநாள் விலாசினி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். மீன்காரி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். விலாசினி உட்கார்ந்து, மரச்சீனியில் இருந்த மண்ணைத் தட்டினாள். அது போதுமாயிருந்தது.

சிலை இன்னும் அங்கேதான் நிற்கிறது. வேலியும் பூட்டும் அப்படியே. போன மாசம் நினைவுநாளுக்கு உமையம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். புதுக் கண்ணாடி வழியாக அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவும் எனக்க ஆளு இல்ல," என்றாள். "மக்கா, அந்த படம்?"

ஜெயச்சந்திரன் சார் பொன்னாடையை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, போர்த்தாமல் மடித்து வைத்துவிட்டு, "தேடுதேன் அம்மா" என்றார்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு காரியம் கேட்கவேண்டும். உங்கள் ஊரிலும் ஒரு சிலை இருக்கும். அதன் மூஞ்சி உங்கள் தெருவில் யாருடையது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட்டு எழுதிப் போடுங்கள். பேரைப் போட விருப்பமில்லையென்றால் தெருவை மட்டும் போடுங்கள். எழுபத்தொன்றில், மழைக்காலத்தில், நெய்யாற்றின்கரைக்குப் போகிற பஸ்ஸில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு படம் உங்கள் வீட்டில் யார் கையிலாவது கிடைத்திருந்தால், அதையும் எழுதுங்கள். படத்தில் இருப்பவர் எப்படி இருப்பார் என்று மட்டும் கேட்காதீர்கள். அது தெரிந்த ஆள் ஒருத்திதான். அவளுக்கும் கொஞ்சம்தான் ஞாபகம்.